துக்க மாடம் கலைக்கப்படும் வரை

தால்வொன் பாலத்தில் மை பீச்சுவதற்கு ஆள் போட்டிருக்கிறார்கள் என்று முந்தின சந்தையிலிருந்தே ஊரெல்லாம் பேச்சு. சம்வொல் நம்பவில்லை. கடல் தாண்டி வந்து இருபத்தைந்து வருஷமாகக் கொரியா முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜப்பான் அரசாங்கம், பொம்பளைகள் பாவாடையில் மை பீச்சச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்குமா?

வைத்திருந்தது. பாலத்தின் இந்த முனையில் நான்கு பேர், இரண்டு மரவாளி, ஆளுக்கொரு மூங்கில் பீச்சாங்குழல். தூணில் ஒரு பலகை. வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறதாம். அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, கட்டையால் தட்டிப் பெண்கள் நாளை வீணாக்குகிறார்களாம். சாயத் துணி உடுத்தினால் அந்த நேரத்தில் வைக்கோல் சாக்கு பின்னலாமாம். பலகையைப் படித்துச் சொன்ன கிழவர் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டார். சாக்கு எதற்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் விளைந்த அரிசி அந்தச் சாக்கில்தான் கப்பல் ஏறுகிறது.

சம்வொல் தலையில் முட்டைக் கூடை. பாவாடை, சட்டை, தலைமயிரில் செருகிய சின்னத் துணி முடிச்சு, எல்லாம் வெள்ளை. புருஷன் செத்து ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது. இன்னும் நாலு மாதம் அவள் வேறு நிறம் உடுத்த முடியாது.

"நில்லுங்க அண்ணி," என்றான் ஜொங்தே.

புருஷனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வட்டார அலுவலகத்தில் எழுத்தர். காக்கிச் சட்டை, தொப்பி, புதிதாக வளர்த்த மீசை.

"நான் துக்கத்துல இருக்கேன் தம்பி. கண்ணு தெரியலையா?"

"தெரியுது அண்ணி. உத்தரவுல துக்கத்துக்குன்னு தனியா எதுவும் சொல்லல. நெஞ்சுல ஒரு கறுப்பு ரிப்பன் குத்திக்கிட்டா போதுமாம்."

"ரெண்டு வருஷம் உடுத்துறத ரெண்டு விரக்கடை ரிப்பன்ல முடிச்சிட்டாங்களா? நல்ல சிக்கனம்தான்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாலத்தைத் தாண்டி, காவல் நிலைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜப்பான் போலீஸ் அதிகாரி நிஷிவாக்கி தலையைத் தூக்கிப் பார்த்தான். தால்வொனுக்கு அவன் வைத்ததுதான் சட்டம். ஜொங்தே அந்தப் பார்வையைத் தன் முதுகிலேயே உணர்ந்தவனைப் போலப் பீச்சாங்குழலை வாளிக்குள் விட்டு இழுத்தான்.

"திரும்பிக்குங்க அண்ணி. முகத்துல பட்டுறப் போகுது."

மரியாதையாகத்தான் சொன்னான். அவளும் திரும்பினாள். கூடையில் முப்பது முட்டை இருந்தது, உடைந்துவிடக் கூடாதே என்ற நினைப்பில் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினாள். வலது தோளிலிருந்து இடுப்பு வரை சில்லென்று இறங்கியது.

முட்டையை விற்று உப்பு வாங்கி வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அவளுக்கு மையைப் பற்றிய கோபம் இல்லை. நான் எதற்குத் திரும்பினேன் என்பதுதான் குடைந்தது.

*

ஓடைக்கரைத் துவைகல்லில் கொஜேக்காரி இருந்தாள். கொஜேத் தீவில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். இங்கே பெண்களுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். வாய் மட்டும் அவளுக்குத் தீவுக்கு ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு.

"யாருடி இது, மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி?"

"கொழுந்தனார் போட்டது."

"நல்ல கையெழுத்து. படிச்ச பிள்ள."

"வாய மூடிட்டு வழி சொல்லுக்கா. இது போகுமா?"

கொஜேக்காரி துணியை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். "எழுதுற மைதான். தண்ணி பட்டா பரவும், ஜாக்கிரத. ஆறின சோத்த நல்லா மசிச்சு வெச்சுத் தேய். மைய சோறு இழுத்துக்கும். அப்புறம் வைக்கோல் சாம்பல் தண்ணியில வேக வை. ஆனா அரிசிச் சோறுதான் வேணும். பார்லி ஒட்டாது."

"அரிசிக்கு எங்க போவேன்?"

"அதான பாத்தேன். நம்ம வாய்க்கே பார்லி. அவன் மைக்கு மட்டும் அரிசி கேக்குது."

சம்வொல் வீட்டில் அரிசிச் சோறு ஒரே ஒரு கிண்ணம் உண்டு. அது மான்ஹோவுக்கு. உள்ளறை மூலையில் தட்டி மறைத்து, மேசை போட்டு, அவன் பெயர் எழுதிய மரப்பலகையை நிறுத்தித் துக்க மாடம் வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு. அவளும் மாமியாரும் பார்லி தின்றுதான் அந்தக் கிண்ணத்தை நிரப்பினார்கள். மேசைக்குக் கீழே அவனுடைய வைக்கோல் செருப்பு, ஒற்றைச் செருப்பு.

இன்னொரு செருப்பு பாறைக்கு அடியில் கிடக்கிறது. அந்தக் காலோடு.

மலையிலிருந்து மசான் துறைமுகத்துக்கு ரோடு போட்டபோது வீட்டுக்கு ஓர் ஆள், இருபது நாள், கூலி கிடையாது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழாம் நாள், ஆட்கள் விலகுவதற்கு முன்னாலேயே வெடிக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஏழு பேர். அன்றைக்குக் கல் உடைக்கும் இடத்தில் ஆள் கணக்கு எழுத நின்றவன் ஜொங்தே. சாயங்காலம் ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் விழுந்து அழுதவனும் அவன்தான். அடுத்த மாதம் அவனுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த மாதம் ஊர்ப் பதிவேட்டில் மான்ஹோவின் பெயருக்கு நேரே இறப்பின் காரணம் ஏறியது: நோய். ஏழு பேருக்கும் நோய்தான்.

சம்வொலுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்றப் போனபோது யாரோ படித்துச் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை அலுவலகத்துக்குப் போய், அதை மாற்றுங்கள் என்று கேட்கிறாள். மாதம் ஒரு முறை, மாற்ற முடியாது என்கிறார்கள்.

சோற்றுக் கிண்ணத்தை மாடத்திலிருந்து எடுத்தபோது மாமியார் பார்த்துவிட்டாள்.

"அவன் சோத்தையாடி எடுக்கற?"

"அவருக்கு உடுத்துற துணிக்குத்தான் அத்தை."

மாமியார் முதுகுக் கறையைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து ஒரு பிடியெடுத்து உள்ளங்கையில் மசித்து, தோள் பக்கத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். சோறு சாம்பல் நிறமானது, பிறகு கறுத்தது. கோழிகூட அதைத் தின்னவில்லை.

*

அடுத்த நாள் சம்வொல் அலுவலகத்துக்குப் போனாள். தையலைப் பிரித்து, துவைத்து, கஞ்சி போட்டு, கல்லில் வைத்து இரண்டு கட்டையால் விடிய விடியத் தட்டி, மறுபடி தைத்த துணி. கண்ணாடி போல மின்னியது. மேசைக்கு முன் நின்று, ஜொங்தேவுக்கு முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"நேத்து நீ போட்ட கையெழுத்து எங்கன்னு தேடிச் சொல்லு தம்பி."

வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அண்ணி, இது ஆபீஸ்."

"தெரியுது. ரெண்டு வேலையா வந்தேன். ஒண்ணு, பதிவேட்டுல இருக்கிற நோய எடு. ரெண்டு, நான் துக்கக்காரின்னு ஒரு காகிதம் குடு. சந்தை சந்தைக்கு உனக்கு முதுகு காட்ட எனக்கு நேரமில்ல."

நோய் விஷயத்தைத் தாண்டி, ஜொங்தே காகிதத்தை மட்டும் எழுதினான். அதோடு உள்ளே போனான். துக்கத்தில் இருப்பவர்கள்மேல் மை பீச்சியது கிழவர்களுக்குப் பிடிக்கவில்லை, மேலே மனு எழுதப் போகிறார்கள் என்று நிஷிவாக்கி காதுக்கும் எட்டியிருந்தது. இரண்டே நிமிஷத்தில் அவன் முத்திரை விழுந்து வந்தது.

"படி," என்றாள்.

"பே மான்ஹோவின் மனைவிக்கு, துக்க மாடம் கலைக்கப்படும் வரை வெள்ளை உடுத்த அனுமதி."

"இன்னொரு தடவ."

படித்தான். அவள் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டாள்.

தேதி போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஜப்பான்காரன் யாராவது எழுதியிருந்தால் நாளும் கிழமையும் போட்டிருப்பான். ஜொங்தே எவ்வளவு மீசை வளர்த்தாலும் இந்த ஊர்ப் பிள்ளை. இரண்டாம் வருஷ நினைவு நாளில் சடங்கு செய்து மாடத்தைக் கலைப்பார்கள், துக்கத் துணியை முற்றத்தில் எரிப்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள் வைத்தாலும் செத்தவன் போக வழியில்லாமல் மூலையிலேயே உட்கார்ந்திருப்பான் என்று ஊரே திட்டும். பிள்ளையைப் பத்து மாதம் சுமப்பார்கள் என்று யாராவது காகிதத்தில் எழுதுவார்களா? அதுபோலத்தான் அவனும் எழுதாமல் விட்டான்.

*

அறுவடை முடிந்து, நினைவு நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஜொங்தே வீட்டுக்கு வந்தான். அக்குளில் ஒரு துணிச்சுருள். கருநீலம்.

"பெரியம்மா, இது ஆபீஸ் செலவுல. அண்ணிக்கு. சடங்கு முடிஞ்சதும் இத உடுத்திக்கிட்டு வாசல்ல ஒரு போட்டோ. பத்திரிகைக்காரர் வர்றார். நிஷிவாக்கி ஐயாவே வர்றதாச் சொல்லியிருக்கார்."

"எதுக்குப் போட்டோ?" என்றாள் சம்வொல்.

"துக்கம் முடிஞ்சு, மனசார நிற உடைக்கு மாறின முதல் பொம்பள நீங்கதான்னு."

"மனசாரன்னு நீயே எழுதிட்டியா, இல்ல நான் சொல்ற வரைக்கும் இடம் விட்டிருக்கியா?"

அவன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்ல துணி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் போன பிறகு சம்வொல் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தாள். "அத்தை, நான் மாடத்தக் கலைக்கப் போறதில்ல. நோயிங்கற எழுத்த எடுக்கற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். காகிதத்துல நாள் கெடையாது. முத்திரை அவங்களோடது."

மாமியார் துணியைக் கீழே வைத்தாள்.

"நீ யாரடி பழி வாங்கற? அவனுகளையா, என் பிள்ளையையா?"

"அத்தை…"

"ரெண்டு வருஷமா மூலையில உக்காந்திருக்கான். ஒரு காலோட. போகட்டும்னு விடு. உனக்கு அவன் புருஷன். ரோட்டுக்குப் போனவங்க பேரச் சொல்லும்போது மட்டும் ஞாபகம் வந்தாப் போதும். நான் சோறு வெக்கும்போதெல்லாம் அவன் எப்ப எந்திரிப்பான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

சண்டை போட நினைத்த ஆளோடு சண்டை போட முடிகிறது. இவளோடு எப்படிப் போடுவது? அன்றைக்கு இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு பார்லிச் சோறு தின்றார்கள். மறுநாள் காலையில் சம்வொல்தான் இறங்கி வந்தாள்.

"சரி அத்தை. கலைச்சிடலாம். நீலத்தையும் உடுத்தறேன். ஒரே ஒரு காரியம். ஜொங்தேதான் அஞ்சலி வாசகம் படிக்கப் போறான். அதுல யாரு செத்தாங்க, என்னைக்குச் செத்தாங்கன்னு வரும். எப்படிச் செத்தாருங்கறதும் வரணும். அவருக்கு முன்னால மண்டி போட்டு ஒரு தடவ அவன் வாயால சொல்லட்டும். பதிவேட்டுல என்ன எழவாவது இருந்துட்டுப் போகுது. அவருக்காவது உண்மையச் சொல்லி அனுப்பலாம்."

"அது நியாயம்," என்றாள் மாமியார்.

ஜொங்தேவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சரி என்று பதில் வந்தது. சொல்லி அனுப்பியவர்களிடம் சரி என்று சொல்வது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது.

*

நினைவு நாளன்று காலையில் முற்றம் நிறைய ஆட்கள். கொஜேக்காரி அடுப்படியில் அதிகாரம் செலுத்திக்கொண்டிருந்தாள். மேசையில் காய்ந்த மீன், இலந்தை, ஒரு கிண்ணம் அரிசிச் சோறு, மக்கொல்லிக் கள் ஊற்றிய கோப்பை. முற்றத்து மூலையில் துணி எரிக்கச் சுள்ளி அடுக்கியிருந்தது. திண்டு போட்டு நிஷிவாக்கியை உட்கார வைத்திருந்தார்கள். அவன் காதருகே மொழிபெயர்க்க ஒரு கொரியப் போலீஸ்காரன். பத்திரிகைக்காரன் மூன்று கால் வைத்த கேமராவை வாசலுக்கு நேராக நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு விட்டு எடுத்தான். கருநீலப் பாவாடை தைத்து மடித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி பெட்டிமேல் வைத்திருந்தது.

மான்ஹோவுக்குப் பிள்ளை இல்லை. சொந்தத்தில் எழுத்துத் தெரிந்த ஆண் ஜொங்தே ஒருவன்தான். காக்கியைக் கழற்றிவிட்டு, இரவல் வாங்கிய சணல் அங்கி போட்டிருந்தான். மாடத்துக்கு முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்கி, காகிதத்தைப் பிரித்தான்.

நல்ல குரல் அவனுக்கு. இழுத்து, ராகமாகப் படித்தான். வருஷம், மாதம், நாள். இன்னாருடைய மகன் மான்ஹோ. சம்வொலுக்கு எழுத்துத் தெரியாதே தவிர, எந்த வரிக்குப் பின்னால் எந்த வரி என்று தெரியும். மூன்று சாவுக்குக் கேட்டிருக்கிறாள். நாள் வந்தது. அடுத்தது எப்படி என்பது வர வேண்டும். காலம் நதிபோல் ஓடி இரண்டாண்டு நிறைந்தது என்று ஜொங்தே தாண்டிப் போனான்.

"நிறுத்து," என்றாள்.

சடங்கு நடுவில் பொம்பளை குரல் எழுப்பி அந்த முற்றம் பார்த்ததில்லை. ஜொங்தே நிறுத்தினான்.

"எப்படிங்கறது எங்க?"

"அண்ணி, முடியட்டும். அப்புறம் பேசலாம்."

"அப்புறம் அவர் இருக்க மாட்டார். இப்பச் சொல்லு."

போலீஸ்காரன் குனிந்து நிஷிவாக்கியின் காதில் சொன்னான். நிஷிவாக்கி சிரித்த முகத்தை மாற்றாமல், அவன் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பதிவேட்டில் இருப்பதைப் படி.

ஜொங்தே காகிதத்தைப் பார்த்தான். அதில் அந்த இடத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான், ஒரு விரல் அகலத்துக்கு. எழுத்துத் தெரியாத சம்வொலுக்கும் அந்த வெற்றிடம் தெரிந்தது. உண்மையை எழுதினால் வேலை போகும், உதை விழும். நோய் என்று எழுத ஆறு நாளாகக் கை வரவில்லை. பதிவேடு வேறு. பதிவேடு யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இங்கே அவன் கண்ணுக்கு நேராக மேசைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு இருந்தது. அவனே தூக்கிக்கொண்டு வந்தது.

"அண்ணன் மான்ஹோ," என்று தொடங்கினான். "நோ…" தொண்டையைச் செருமினான். மறுபடி தொடங்கினான். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை.

அதுவரை சுவரோரம் இருந்த மாமியார் எழுந்து வந்தாள். குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து ஜொங்தே மடியில் வைத்தாள்.

"நோயில செத்தவனுக்கு எதுக்குடா ஒத்தச் செருப்பு?"

அவன் அழுதுவிடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழவில்லை. காகிதத்தை நான்காக மடித்தான். செருப்பை இருந்த இடத்திலேயே வைத்தான். உண்மையையும் சொல்லவில்லை, பொய்யையும் சொல்லவில்லை. எழுந்து, யாரையும் பார்க்காமல், சணல் அங்கியோடேயே வாசலைத் தாண்டிப் போனான். வீரமான ஆள் அவன் கிடையாது. அன்றைக்கு அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

நிஷிவாக்கி எழுந்தான். போலீஸ்காரன் அவனுக்காகச் சத்தம் போட்டான்: "முடிஞ்சுதா, இல்லயா? துணிய மாத்தச் சொல்லுங்க. போட்டோ எடுக்கணும்."

"முடியல," என்றாள் மாமியார்.

"என்னது?"

"வாசகம் பாதியில நிக்குது. படிச்சவன் போயிட்டான். வாசகம் முடியாம சடங்கு முடியாது, சடங்கு முடியாம மாடத்தக் கலைக்கக் கூடாது. உங்கப்பன் சாவுக்கு நீ இதெல்லாம் செஞ்சதில்லையா? வேணும்னா அந்த ஐயாவப் படிக்கச் சொல்லு. மண்டி போட்டுத்தான் படிக்கணும்."

கொஜேக்காரி அடுப்படியிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்து மாடத்துக்கு முன் விரித்தாள். "முழங்கால் வலிக்கும் பாவம்," என்றாள். போலீஸ்காரன் இதை மொழிபெயர்க்கவில்லை.

சம்வொல் சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, நிஷிவாக்கிக்கு முத்திரை தெரியும்படி பிடித்தாள். மனப்பாடமாகச் சொன்னாள். "துக்க மாடம் கலைக்கப்படும் வரை."

அவனுக்குத் தன் முத்திரை தெரிந்தது. போலீஸ்காரனிடம் கேட்டான், பதில் வாங்கினான், மறுபடி கேட்டான். தேதி எங்கே என்று கேட்கிறான் என்பது அவன் விரலிலிருந்தே விளங்கியது. முற்றத்தில் ஐம்பது பேர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்திரிகைக்காரன் கேமராவின் மூன்று காலையும் ஒவ்வொன்றாக மடக்கினான்.

எல்லோரும் போன பிறகு மாமியார் மாடத்துக்கு முன் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் செருப்பை இன்னும் உள்ளே தள்ளினாள். "இன்னும் கொஞ்ச நாள் உக்காருடா," என்றாள். "வேலை இருக்கு." பிறகு மருமகளைப் பார்த்து, "கஞ்சி காய்ச்சு. சந்தைக்கு மூணு நாள்தான் இருக்கு. அந்த நீலத்த அடுப்புத் துணிக்கு வெச்சுக்க. நல்ல துணி, உழைக்கும்."

*

சந்தை நாள் காலையில் சம்வொல் பாலத்துக்கு வந்தபோது முன்னால் நாற்பது பெண்கள் இருப்பார்கள். எல்லோர் பாவாடையும் வெள்ளை. அது புதிதில்லை. ஒவ்வொருத்தி தலைமயிரிலும், துக்கக்காரி செருகுகிற வெள்ளைத் துணி முடிச்சு இருந்தது. கொஜேக்காரி எல்லாருக்கும் முன்னால், பெரிய முடிச்சாகச் செருகிக்கொண்டு நின்றாள்.

ஜொங்தே வாளிக்குப் பக்கத்தில் இருந்தான். வேலை போகவில்லை. மீசை போயிருந்தது. இன்றைக்கு நிஷிவாக்கி நாற்காலியில் இல்லை, அவனுக்குப் பின்னாலேயே நின்றான்.

"உங்க வீட்டுல யாரு செத்தாங்க?" என்றான் ஜொங்தே, கொஜேக்காரியிடம்.

"ரோட்டுல ஏழு பேரு."

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்? உங்களுக்கு எதுக்குத் துக்கம்?"

"நீதான எழுதின, ஏழு பேருக்கும் நோயின்னு. ஒரே நாள்ல ஏழு பேரக் கொண்டுபோச்சுன்னா தொத்து நோயாத்தான இருக்கும். எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. காகிதம் குடு."

பாலம் முழுக்கச் சிரிப்பு போனது. நிஷிவாக்கிக்கு அது மொழிபெயர்க்கப்பட்டதா என்று தெரியாது. அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராகச் சம்வொலிடம் வந்தான். கையை நீட்டினான். அவள் காகிதத்தைக் கொடுத்தாள். கிழித்தான். இரண்டாக, நான்காக, எட்டாக. ஆற்றில் போட்டான். ஜொங்தேவின் கையிலிருந்து பீச்சாங்குழலைப் பிடுங்கி, வாளியில் விட்டு இழுத்தான்.

சிரிப்பு நின்றது.

காகிதம் எப்படியும் ஒரு நாள் கிழியும் என்று சம்வொலுக்குத் தெரியும். காகிதம் அவர்களுடையது. எழுதுவதும் கிழிப்பதும் அவர்கள் வேலை. அவள் தலையிலிருந்த முட்டைக் கூடையை இறக்கி, ஜொங்தேவின் கையில் கொடுத்தாள்.

"பத்திரமாப் பிடி தம்பி. முப்பது இருக்கு."

அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

நிஷிவாக்கி விரலைச் சுழற்றித் திரும்பச் சொன்னான். அவள் திரும்பவில்லை. கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, அவன் முகத்துக்கு நேராக நின்றாள். மை நெற்றியில் விழுந்து, கண்ணில் இறங்கி, வாயில் கசந்து, நெஞ்செல்லாம் பரவியது. கண்ணை மூடித் திறந்தாள். இமையில் கறுப்பு வழிய அவனையே பார்த்தாள்.

"இன்னும் இடம் இருக்கு," என்றாள். "வீட்டுல சோறு வடிச்சு வெச்சிட்டுத்தான் வந்தேன்."

நிஷிவாக்கி மறுபடி வாளியைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான். நாற்பது பெண்களும் அவன் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்கள். ஒருத்தியும் முதுகைக் காட்டவில்லை. வாளியில் பாதி மைதான் இருந்தது.

சம்வொல் கூடையைத் திரும்ப வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு சந்தைக்குள் நடந்தாள். போகிற போக்கில் ஜொங்தேவிடம், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"வாசகத்துல ஒரு விரல் இடம் விட்டிருக்க. அது நிரம்புற வரைக்கும் அண்ணன் வீட்டுலதான் இருப்பார். வந்து பாத்துட்டுப் போ."